கருப்புக் குச்சி இல்லாத பெட்டி

மதினியோடு காய்கறி வாங்கப் போவதென்றால் நான் சாக்குத் தேடுவேன். மற்றவர்கள் கத்தரிக்காயை அமுக்கிப் பார்ப்பார்கள், காம்பைப் பார்ப்பார்கள். மதினி ஒரு காயை எடுத்து வெயிலில் நீட்டி, தலையை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அதுக்குள்ள என்ன இருக்கு?" என்பாள். காய்க்காரம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

"புழு ஒண்ணும் இல்ல தாயி. காலையில பறிச்சது."

"அதக் கேக்கல ஆத்தா. இந்த ஊதாவுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குதேன். இங்கன செவப்பு தெரியுதா? இந்த ஓரத்துல நீலம். மினுங்குத எடத்துல வெள்ளைன்னு நெனைப்போம், வெள்ளை இல்ல. அது வானம்."

காய்க்காரம்மா என்னைப் பார்ப்பாள். நான் தராசைப் பார்ப்பேன். கூட வந்தவள் யாரோ எவரோ என்கிற மாதிரி இரண்டடி தள்ளியும் நின்றுகொள்வேன். மதினி அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். அந்த ஒரு காயை மட்டும் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சங்கரன்கோவில் ரதவீதி முழுக்க நடந்து வருவாள்.

என் அண்ணன் மனைவி. பெயரைச் சொல்லப் போவதில்லை. "பேரச் சொன்ன ஒடனே சனங்க பாக்குதத நிறுத்திருவாங்க" என்பது அவளுடைய கட்சி. பச்சை என்று சொல்லிவிட்டால் போதுமாம், அப்புறம் யாரும் வேப்பிலையையும் வாழையிலையையும் பிரித்துப் பார்க்க மாட்டார்களாம். எனக்கு அவள் மதினி. அவ்வளவு போதும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணன் லாரி ஓட்டினான். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருப்பான். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, மதினி, நான். நான் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் மதினி ஒரு விளம்பரத்தைப் பார்த்தாள். மெட்ராஸில் ஒரு ஓவியப் பள்ளி தபாலிலேயே பேஸ்டல் ஓவியம் கற்றுத் தருகிறதாம். மொத்தம் பன்னிரண்டு பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புத்தகம் வரும், நாம் படம் போட்டு அனுப்ப வேண்டும், அவர்கள் திருத்தி அனுப்புவார்கள். முடித்தால் சான்றிதழ்.

சான்றிதழ் மதினிக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது. ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வரப்போகிறது என்றும், ஓவிய டீச்சர் தேடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டு, நேரே போய் அந்தப் பள்ளியின் பெரிய டீச்சரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "ஜூன் மாசம் பள்ளி தொறக்கும்போது கையில சான்றிதழோட வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஜூன் என்பது மாதமாக இல்லை, பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

முதல் பாடப் புத்தகம் வந்த அன்று அடுப்பில் சோறு குழைந்துபோனது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் தாய் நிறங்கள். இரண்டிரண்டாகச் சேர்ந்தால் பிள்ளைகள் பிறக்கும். சிவப்புக்குப் பச்சை எதிரி, நீலத்துக்கு ஆரஞ்சு எதிரி, மஞ்சளுக்கு ஊதா எதிரி. எதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே பளிச்சென்று எழும். இதை மதினி படித்துவிட்டு என் அலமாரியைத் திறந்து எல்லாச் சேலையையும் கட்டிலில் பரப்பினாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, சேலை யாவாரமா?"

"இல்லத்த. யாருக்கு யாரு எதிரின்னு பாக்குதேன்."

"அதுக்கு சேலையை ஏன் கலைக்கணும்? எங்கிட்டக் கேட்டா நம்ம சொந்தத்துலேயே வரிசையாச் சொல்லிருவேனே."

பாடம் வந்துவிட்டது, பேஸ்டல் குச்சி வரவில்லை. சாக்பீஸுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறப்பொடியைக் கொஞ்சம் பசையில் பிசைந்து உருட்டிக் காயவைத்தது. எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் சிலேட்டுக் குச்சியை எடுத்துக் காட்டினார்கள். மதினி அசரவில்லை. நாமே உருட்டுவோம் என்றாள். சாக்பீஸை அம்மியில் நுணுக்கினாள். காவிக்கல்லை இடித்தாள். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலக்கும் நீலம் இருந்தது. மற்ற பொடிகளை அண்ணன் சிவகாசி லோடு போகும்போது அச்சுக்கூடத்துக்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்தான். பசைக்குத்தான் திண்டாட்டம். கோந்து போட்டால் குச்சி கல்லாகிவிட்டது, காகிதத்தைக் கிழித்தது. வெறும் தண்ணீரில் பிசைந்தால் எடுத்ததுமே உதிர்ந்தது. கடைசியில் தறிக்காரர் தெருவில் பாவு நூலுக்கு ஏற்றுகிற கஞ்சியில் ஒரு செம்பு வாங்கி வந்து, ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். நிழலில் மூன்று நாள் காய்ந்தது. குச்சி காகிதத்தில் பட்டதும் வெண்ணெய் மாதிரி இழுபட்டது. மதினி போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அந்தக் காவிப் பொடியால் ஒரு காரியம் நடந்தது. இடித்துச் சலித்த பொடியை மதினி ஒரு காகிதத்தில் மடித்து, காற்று படாத இடம் என்று சாமி அலமாரியில் வைத்திருந்தாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து என் பெரியம்மா வந்தாள். வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் வயிற்றுவலிக்கு முதல் மருந்து கோயில் புற்றுமண்தான். அம்மா அலமாரியில் கையை விட்டாள், மடித்த காகிதத்தை எடுத்தாள், ஒரு சிட்டிகை பெரியம்மா வாயில், ஒரு சிட்டிகை நெற்றியில். தண்ணீரும் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் பெரியம்மா இரண்டாவது தடவை சோறு கேட்டாள்.

மதினி வந்து காகிதத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். விஷயத்தை அம்மாவிடம் சொன்னோம். அம்மா அசையவில்லை.

"அவ நம்பித் தின்னா. சாமி கேட்டுக்கிட்டாரு. நீ ஏன் இதப் போயி பெருசாக்குத?"

அடுத்த மாதம் பெரியம்மா ஆள் விட்டு அனுப்பினாள். போன தடவை கொடுத்த மண்தான் வேண்டுமாம், அது தனி ருசியாம். மதினி பயந்துபோய் இந்தத் தடவை கோயிலுக்கே நடந்து போய் நிஜமான புற்றுமண் வாங்கிக் கொடுத்தாள். கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "அதுக்குள்ள என்ன இருக்கு, பாரு. லேசா ரோஸ் ஓடுது" என்றாள். பூசாரி கேட்காத தூரத்தில் இருந்தார், நல்ல வேளை.

இரண்டு பேரும் ஒரு தடவை மேலநீலிதநல்லூருக்குப் பஸ்ஸில் போனோம். முந்தின நாள் மழை. செவல் மண் முடிந்து கரிசல் மண் தொடங்குகிற இடத்தில் மதினி எழுந்து நின்று, "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கத்திவிட்டாள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று டிரைவர் பிரேக் போட்டார். மதினி சன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"கண்டக்டர் அண்ணாச்சி, கரிசல் கருப்புன்னு யாரு சொன்னா? அதுக்குள்ள என்ன இருக்கு, பாருங்க. நீலம்லா கெடக்கு!"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். "ஆமா, இருக்கத்தான் செய்யுது" என்று அவர் விசில் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் மதினி தன் பெட்டியைத் திறந்தாள். பழைய சேலைப் பெட்டி அது. உமி நிரப்பி அதில் குச்சிகளைப் புதைத்து வைத்திருப்பாள். குலுக்கினால் ஒன்றின் பொடி மற்றதில் ஒட்டாமல் சுத்தமாகிவிடும். விளக்குக்கரியில் உருட்டிய கருப்புக் குச்சியைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டாள். "இனி இது வேண்டாம். சோம்பேறிக்குத்தான் கருப்பு வேணும்" என்றாள். நிழல் என்றால் ஊதாவும் நீலமும் பச்சையும் அடுக்குவாள். அடர்ந்த நிறத்தை முதலில், வெளிச்சத்தைக் கடைசியில். விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் களியாகிவிடும் என்று இரண்டு கோட்டோடு கையை எடுத்துவிடுவாள். உதிர்கிற பொடியை ஊதக் கூடாது, பலகையைத் தட்டித்தான் விட வேண்டும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூசணிக்காய் போட்டேன். அவள் பார்த்துவிட்டு, "இது பூசணியப் பாத்து வரைஞ்சதா, பூசணிங்கிற பேரப் பாத்து வரைஞ்சதா?" என்றாள். எனக்கு இரண்டு நாள் கோபம்.

பதினொரு பாடம் ஒழுங்காகப் போயின. அவையெல்லாம் சின்னப் படங்கள், பழமும் சொம்பும். பன்னிரண்டாவது பாடம், வீட்டில் ஒருவரை வெயிலில் உட்காரவைத்துப் பெரிதாக வரைய வேண்டும். மதினி அம்மாவைக் கேட்டாள்.

அம்மா மாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அம்மாவைச் சின்ன வயதிலிருந்தே கருப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்களே அப்படித்தான். மூன்று வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போய் நாலாவதாகத்தான் என் அப்பா வந்தாராம். ஊர்த் திருவிழாவில் போட்டோக்காரர் வந்தால் அம்மாவுக்கு அப்போது பார்த்து அடுக்களையில் வேலை வந்துவிடும். நானும் அம்மா நிறம்தான். நானும் அப்படித்தான் ஒதுங்குவேன்.

"என்னப் போட என்னட்டி இருக்கு? ஒரே கரி. பெட்டியில கருப்பும் இல்லங்குத, எத வச்சுப் போடுவ?"

"அதான் கேக்குதேன் அத்த. ஒங்க மொகத்துல கருப்பே இல்ல. நான் எண்ணிட்டேன்."

அம்மா முற்றத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள், முறைத்துக்கொண்டேதான். மதினி பழுப்புக் காகிதத்தில் வரைந்தாள். நெற்றியில் காவி, கன்னத்தில் ஊதா, தாடைக்குக் கீழே நீலம், மூக்குக்குப் பக்கத்தில் பச்சை, வெயில் விழுந்த பக்கம் ஆரஞ்சும் கொஞ்சம் ரோஸும். மொத்தம் பதினொரு குச்சி. கிட்டத்தில் பார்த்தால் ஹோலிக்காரர்கள் அடித்த சுவர். நாலடி தள்ளி நின்றால் என் அம்மா. அச்சாக அம்மா. அம்மா வெகுநேரம் பார்த்தாள். "இதெல்லாம் எங்கிட்டயா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

படம் மெட்ராஸுக்குப் போனது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு. 'முகம் அடையாளம் தெரியவில்லை. மீண்டும் அனுப்பவும். மூன்று வாய்ப்புகள் மட்டுமே.' பிரித்துப் பார்த்தால் பொடியெல்லாம் உதிர்ந்து ஒரு மூலையில் கிடந்தது. அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டுமே.

"என் மூஞ்சி அடையாளம் தெரியலயாமா? அவன் வந்து பாக்கட்டும்! போடுட்டி இன்னொண்ணு!"

உட்கார மாட்டேன் என்றவள் மறுநாள் காலை ஏழு மணிக்கே முக்காலியில் இருந்தாள். இரண்டாவது படத்தை மெல்லிய காகிதம் போர்த்தி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பினோம். அதுவும் அப்படியே திரும்பியது. மே மாதம் பிறந்திருந்தது. ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. மதினி முதல் தடவையாகச் சாப்பிடாமல் படுத்தாள்.

மறுநாள் தபால் நிலையத்துக்கு வந்தாள். உறை எப்படித்தான் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். வரிசையில் பேசாமல் நின்றாள். எனக்கு முன்னால் யாரோ நீட்டிய உறையை வாங்கி, நான் முத்திரைக் கட்டையை ஓங்கி, டம் டம் என்று இரண்டு குத்து. தலை நிமிர்ந்தால் மதினியின் கண்.

"ஏட்டி... எங்க அத்த மூஞ்சியிலயும் இப்பிடித்தான் குத்துனியா?"

"நம்ம வீட்டுத் தபால்லா மதினி... நல்லாப் பதியட்டும்னு நாலு குத்துக் குத்துனேன்."

வரிசையே சிரித்தது. 'பெத்த தாய் மூஞ்சியில குத்தினவ' என்று அம்மா அந்த மாதம் முழுக்க எனக்குப் பெயர் வைத்திருந்தாள்.

குத்தாமல் அனுப்பலாம், ஆனால் அதற்கப்புறமும் மெட்ராஸ் வரைக்கும் பாதை இருக்கிறதே. பொடியைக் காகிதத்தில் பிடித்துவைக்க ஏதாவது தெளிக்க வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி இருந்தது. எதைக் கொண்டு என்று இல்லை. என் பூசணிக்காய்ப் படத்தை வைத்துப் பரீட்சை நடந்தது. கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பில் தண்ணீர்க் கஞ்சியை ஊற்றித் தெளித்தோம். சொட்டுச் சொட்டாக விழுந்து பூசணிக்கு அம்மை போட்டுவிட்டது. அப்போது தெருவில் இஸ்திரி வண்டி அண்ணாச்சி வேலை செய்துகொண்டிருந்தார். வாயில் தண்ணீரை நிரப்பி சட்டைமேல் உஃப் என்று ஊதினார். பனி மாதிரி இறங்கியது. மதினி என் கையை நசுக்கிவிட்டாள்.

படத்தின் மேல் கஞ்சியை அப்படி ஊதித் தரக் கேட்டதும் அண்ணாச்சி யோசித்தார். "துணின்னா சரி. மனுச மூஞ்சி மேல எப்பிடித் துப்புறது?"

"துப்பாதீங்க அண்ணாச்சி. ஊதுங்க" என்றாள் அம்மா. "நாளைக்கு வெத்தல மட்டும் போட்றாதீங்க."

மறுநாள் காலை அண்ணாச்சி வாயைப் பத்துத் தடவை கொப்பளித்துவிட்டு வந்தார். மூன்றாவது படம் முற்றத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. மெல்லிய துணியில் வடித்த தண்ணீர்க் கஞ்சி. அவர் நாலடி தள்ளி நின்று ஊதினார். காயவிட்டு மறுபடி ஊதினார். மூன்று தடவை. ஒட்டியதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க மதினிக்குத் தைரியம் வரவில்லை. அன்று மாலைத் தபாலில் அனுப்பாவிட்டால் பள்ளி திறப்பதற்குள் சான்றிதழ் வந்து சேராது.

அதே நாள்தான் என்னைப் பெண் பார்க்க இளையரசனேந்தலிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை நூற்பாலையில் ஃபிட்டர். கூட அவர் சித்தி. காபி ஆயிற்று. சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. கருப்பா இருக்காளேன்னுதான் யோசிக்கேன்."

நான் தரையைப் பார்த்தேன். அம்மாவும் தரையைத்தான் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும், இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். ஆனால் அம்மா எழுந்தாள். முற்றத்துக்குப் போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து சித்தியின் முன்னால் பிடித்தாள்.

"அத்த! இன்னும் காயல!" என்று மதினி அலறினாள்.

சித்தி குனிந்தாள். "என்ன இது, மூஞ்சியில ஊதாவும் பச்சையுமா?" என்று கேட்டுக்கொண்டே நடுவிரலைக் கன்னத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

மதினி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சித்தியின் விரலைப் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. ஒரு தூசி கூட இல்லை. "மதினி, ஒட்டிருச்சு!" என்று நான் கத்தினேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கத்தக் கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

அம்மா என் கையைப் பிடித்து முற்றத்து வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கருப்புன்னு சொன்னீங்கள்லா? இப்பப் பாருங்க. அதுக்குள்ள என்ன இருக்கு?"

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை எழுந்து வந்தார். வேலை செய்கிற மனிதர் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டுதான் தெரியுது. காவி ஒண்ணு. நீலம் ஒண்ணு."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இன்னைக்கு அது போதும் அண்ணாச்சி. மிச்சத்த மெள்ள மெள்ளப் பாத்துக்கலாம்."

அன்று மாலை அந்த உறைமேல் முத்திரையைக் குத்தவில்லை, தூங்குகிற பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தேன். ஜூன் பிறந்த நாலாம் நாள் சான்றிதழ் வந்தது. கூட ஒரு சீட்டு: 'முகம் உயிரோடு இருக்கிறது. கருப்பு இல்லாமல் நிழல் போட்டது நன்று.' அம்மா அதை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். "இப்ப அடையாளம் தெரிஞ்சிருக்கு அவனுக்கு" என்றாள். மதினி புதுப் பள்ளிக்கூடத்துக்குச் சேலைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். உமி வழி நெடுகச் சிந்தியது.

பிறகு அவளும் அண்ணனும் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். கடிதம் வரும். நலம் விசாரிப்பு ஒரு வரி, அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு பக்கம், கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி: 'ஒம் மாப்பிள்ளை எத்தனை நிறம் வரைக்கும் வந்துருக்காரு?'

நேற்றுக் காலை முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒனக்கு மூக்குக்குப் பக்கத்துல பச்சை இருக்கு" என்றார். கீரைதான் ஒட்டியிருக்கிறது என்று நான் துடைத்தேன். "போகல" என்றார்.

அது எட்டாவது. பதினொன்றில் இன்னும் மூன்று இருக்கிறது. மதினிக்கு எழுத வேண்டும்.